கடலோரத்து வாயும் மேல்வீட்டுப் பீரோவும்

கடலோரத்து ஆட்கள் என்றால் கத்துவார்கள். அந்தக் குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். மலைக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். நிறைகுடம் தளும்பாது என்பார்களே, அந்த ரகம். ஆற்றங்கரைக்காரர்கள் எந்தக் காரியத்துக்கும் நேரத்துக்கு வரமாட்டார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே பந்தி முடிந்துதான் வந்து சேருவான் என்று ஒரு பேச்சு உண்டு. இதையெல்லாம் யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறதா என்று கேட்டால்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவர்கள், இந்த விஷயத்தில் எட்டிப் பார்ப்பதே கிடையாது.

இத்தனைக்கும் மூன்று கூட்டத்தாரும் பிறந்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில். கடலையும் மலையையும் ஆற்றையும் பார்த்தவர்கள் அவர்களுடைய தாத்தாக்கள். பேரன்கள் பார்த்த தண்ணீரெல்லாம் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதுதான்.

இரண்டாம் மாடியில் ஒரு கடலோரத்துக்காரன் குடியிருந்தான். வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு 'ரகசியம்' என்று பெயர். காது சோதிக்கும் கிளினிக்கில் டெக்னீஷியன். வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்க" என்று சொல்வான். அவன் சொல்வதே அவர்களுக்குக் கேட்காது. "உன் பேச்சைக் கேட்டு நல்ல காது இருக்கறவன்கூட பயந்துபோய் மெஷின் வாங்கிட்டுப் போறான்யா" என்று டாக்டர் முதுகில் தட்டிக்கொடுப்பார். பிறந்ததிலிருந்து அவன் குரல் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொன்ன நாட்களிலும் அவன் ஆப்சென்ட்.

அப்பேர்ப்பட்டவன் மேல்தான் சத்தப் புகார் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. அந்தக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் சங்கத்துக்குச் சொந்தம். மூன்றாவது புகார் வந்து, கூட்டத்தில் மற்றவர்கள் கைதூக்கிச் சம்மதித்துவிட்டால், சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ரகசியத்தின் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். கடலோரத்து ஆட்கள், அதிலும் கைக்குழந்தையோடு வருகிறார்கள் என்றால் வேறு எந்தக் கட்டடத்திலும் வாசற்படிகூட ஏறவிட மாட்டார்கள். இந்த வீடு போனால் தெருதான் என்பது இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

சத்தம் பொய்யில்லை. சத்தம் மேல்வீட்டிலிருந்து வந்தது. மூன்றாம் மாடியில் மலைக்காரத் தம்பதி இருந்தார்கள். புருஷனுக்கு நூலகத்தில் வேலை. மலைக்காரர் என்பதாலேயே கொடுத்த வேலை. பகல் முழுக்க உதட்டில் விரல் வைத்து ஊரை அடக்கிவிட்டு, அடக்கியதையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்ப்பார். மலைக்கார அக்காவுக்கோ, சாமான் நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருந்தால் ஆகாது. தினமும் சாயங்காலம் மர பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரண்டு பேருமாக இழுப்பார்கள். இழுத்துக்கொண்டே பாடுவார்கள். எங்கே நிறுத்துவது என்று சண்டை போடுவார்கள். பிறகு அந்தச் சண்டையை நினைத்து அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு, அலமாரியிலிருந்து எவர்சில்வர் பாத்திரமெல்லாம் ஒன்றாகச் சரிந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது புகார் வந்ததும் ரகசியத்தின் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. "சங்கக் கமிட்டியையே கூப்பிட்டு நம்ம ஹால்ல உட்கார வைங்க. நாம வாயை மூடிட்டு இருப்போம். அவங்க காதாலயே கேட்கட்டும். அப்புறம் என்ன சொல்வாங்க?"

சங்கச் செயலாளர் ஆற்றங்கரைக்காரர். சாயங்காலம் வரச் சொன்னால் மத்தியானமே வந்து நிற்பார். அன்றைக்கும் அப்படித்தான், ரகசியத்தின் மனைவி தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து, "நான் இங்கேயே இருக்கேம்மா, நீ வேலையைப் பாரு" என்று செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் பிறகு வந்தார்கள். ரகசியமும் மனைவியும் சோபாவில் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மேலே பீரோ புறப்பட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு வந்தது, சண்டை வந்தது, கடைசியில் சிரிப்பும் வந்து விழுந்தது. கமிட்டிக்காரர்கள் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் செயலாளர் ரகசியத்தின் வாயையே பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

"வாயைத் திறக்காமலே இவ்வளவு சத்தம் எப்படித் தம்பி போடறீங்க?"

"சார், அது மேல" என்றான் ரகசியம்.

"என்ன சொல்றார்?"

"ஏதோ மேலனு சொல்றார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மேலயா? மேல மலைக்காரங்கல்ல இருக்காங்க!" கமிட்டி முழுவதும் சிரித்தது. "சங்கைக் காதுல வெச்சா கடல் சத்தம் கேட்குமில்ல தம்பி, அந்த மாதிரி. உங்க ஆளுங்க சத்தம் சுவத்துல ஊறிப்போச்சு. பாவம், நீங்க நிறுத்தினாலும் அது நிக்க மாட்டேங்குது." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் என்றும், அதில் முடிவு செய்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ரகசியம் எழுந்தான். படியேறிப் போய் மேல்வீட்டுக் கதவைத் தட்டினான். தட்டியது உள்ளே கேட்கவில்லை. பீரோ ஓய்ந்த பிறகு திறந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் மலைக்கார அக்கா ஓவென்று அழுதாள். அதுவும் கீழே அவன் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். மலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, முதல் புகார் வந்தப்பவே நான் போய்ச் சொல்லிட்டேன்யா! சத்தம் போடறது நாங்கதான், அந்தப் பிள்ளைங்க இல்லைன்னு. செயலாளர் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். 'அடுத்தவன் பழியைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கறீங்களே, மலைக்காரங்கன்னா மலைக்காரங்கதான்'னு கண்ணுல தண்ணி விட்டார். டீ வேற வாங்கிக் குடுத்தார்."

"ஞாயித்துக்கிழமை நான் எல்லார் முன்னாலயும் சொல்றேன்" என்று அவன் கிளம்பும்போது மலைக்காரர் சொன்னார். ரகசியத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஊர்க் காதை மட்டும் திறந்துவிட முடியுமா? காதுக்கு மெஷின் மாட்டுவது அவன் தொழில். இந்தக் காதுக்கு மெஷினே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வழக்கம்போலக் கீழ்த்தளத்துச் சங்க ஹாலில் கூட்டத்தைச் சொன்ன நேரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார். ரகசியம் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கூட்டத்துக்குப் போயிருக்கும்போது துணைக்கு இருக்கலாமென்று மலைக்கார அக்கா இறங்கி வந்திருந்தாள். அப்போதுதான் அவன் மனைவி சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வந்துருச்சு" என்றாள்.

"யாரு?"

"யாரா? உங்க பிள்ளை!"

ரகசியம் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். அந்தப் பக்கத்தில் "ஹலோ, ஹலோ, யாருங்க, பேசுங்க" என்று கேட்டுக் கேட்டு வைத்துவிட்டார்கள். போனை அக்கா வாங்கினாள். "கத்தாதீங்கம்மா, ஒரு வார்த்தையும் புரியலை" என்று அவளுக்கும் வைத்துவிட்டார்கள்.

கட்டடத்தில் இருந்த கார்க்காரர்கள், கைகால் உள்ளவர்கள் அத்தனை பேரும் கீழே ஹாலில் இருந்தார்கள். ரகசியம் படிக்கட்டுக்கு ஓடினான். கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினான். "யாராவது வாங்க! என் பெண்டாட்டிக்கு வலி வந்துருச்சு!" அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. நாலு மாடியும் எதிரொலித்தது.

கீழே ஹாலில் செயலாளர் சுட்டுவிரலைத் தூக்கினார். "கேட்டீங்களா? நாம இங்க அதைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம். அடக்க முடியலை பாருங்க."

அடுத்து அக்கா தன் முழுக் குரலையும் எடுத்து, "மனுஷங்க யாரும் இல்லையா கீழே!" என்று அலறினாள். மலைக்காரர் துள்ளி எழுந்தார். "ஐயோ, அது என் வீட்டுக்காரி குரல்!" பக்கத்திலிருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். "போதும் சார், உங்க பெருந்தன்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

மேலே ரகசியத்தின் மனைவி சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வலிக்கு நடுவில் அவளுக்குத்தான் புத்தி வேலை செய்தது. "கத்தினா நம்ம கணக்குங்க. அக்காவை மெதுவாப் போய்ச் சொல்லச் சொல்லுங்க. மலைக்காரங்க மெதுவாச் சொன்னா ஊரே எந்திரிக்கும்."

"எனக்கு மெதுவாப் பேச வராதேடி தங்கம்!" என்று அக்கா முழங்கினாள்.

ரகசியம் அவள் தோளைப் பிடித்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். "அக்கா, மூச்சை இழுத்துட்டுப் பேசாதீங்க. எல்லாத்தையும் வெளிய விட்டுடுங்க. நெஞ்சு காலியாகட்டும். மிச்சம் இருக்கற கொஞ்சூண்டு காத்துல பேசுங்க." அக்கா மூச்சை விட்டாள். கண் பிதுங்கியது. "இப்படியா?" என்றாள். காற்று மாதிரி வந்தது. தன் குரலைக் கேட்டு அவளே பயந்துபோனாள்.

அக்கா ஹால் வாசலில் போய் நின்று நெஞ்சைக் காலி செய்துகொண்டு, "குழந்தை பிறக்கப்போகுது" என்று முணுமுணுத்தாள்.

நாற்காலிகள் விழுந்தன. மொத்த ஹாலும் படிக்கட்டில் ஏறியது. "மலைக்காரம்மாவே வாயைத் திறந்து சொல்றாங்கன்னா எவ்வளவு அவசரமா இருக்கணும்!" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே ஓடினார்கள். அவன் முதல் கத்தல் ஒரு பூனையைக்கூட அசைக்கவில்லை. ஒரு முணுமுணுப்புக்குக் கட்டடமே புரண்டுவிட்டது. மனைவியை நாற்காலியோடு தூக்கிப் படியிறங்கிய கைகளைப் பார்த்து ரகசியத்துக்குக் கும்பிடவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

"செயலாளர் வண்டி ரெடியா இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

ரகசியம் மனைவியின் காதில், "ஆற்றங்கரைக்காரர் வண்டியா? பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசுலதான் ஆஸ்பத்திரி போய்ச் சேருவோம்" என்றான்.

அந்த வலியிலும் அவள் அவனை முறைத்தாள். "அந்த மனுஷன் ஒரு நாளாவது லேட்டா வந்து பார்த்திருக்கீங்களா நீங்க?"

யோசித்துப் பார்த்தால், அவர் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காத்துக்கிடந்ததைத்தான் அவன் பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே, ஆற்றங்கரைக்காரன் என்றால் தாமதம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தான். வெட்கமாகப் போய்விட்டது.

கார் வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது. கதவு திறந்திருந்தது. "உங்க மிஸஸுக்கு இந்த மாசம்னு கேள்விப்பட்ட நாள்லேர்ந்து இப்படித்தான் தம்பி திருப்பி வெச்சிருக்கேன்" என்றார் செயலாளர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அவர்களைக் காலி செய்யச் சொல்லக் கூட்டம் போட்ட அதே மனுஷன்.

பெண் குழந்தை பிறந்தது. சுகமாக வீடு வந்து சேர்ந்தார்கள். கூட்டம் தள்ளிப்போனதே தவிர ரத்தாகவில்லை. குழந்தைக்குத் தலை நிற்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று கமிட்டி பெரிய மனசு பண்ணியிருந்தது.

வீட்டில் வேறொரு தொல்லை. குழந்தை தூங்கவே இல்லை. தொட்டிலில் போட்டாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை. மேல்வீடோ மயானம் மாதிரி அமைதி. குழந்தை இருக்கிற வீடு என்று மலைக்காரர்கள் கால் விரலில் நடந்தார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பிறகு கட்டடமே அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டதில், அவள் கடைத்தெருவில்கூட நெஞ்சைக் காலி செய்துவிட்டுத்தான் காய்கறி விலை கேட்டாள். சிரிப்பு நின்றுபோய்விட்டது. பார்க்கவே ரகசியத்துக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

கூட்டம் வைத்திருந்த நாள் வந்தது. அழைத்துப் போக வந்த செயலாளர், வழக்கம்போல மிகவும் முன்னதாக வந்து அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தார். குழந்தை வீல்வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. "கடலோர ரத்தம்" என்று அன்பாகச் சொன்னார். அப்போது மேலே அக்காவுக்குக் கை தவறியதோ என்னவோ, ஏதோ ஒன்று தடாலென்று விழுந்து உருண்டது. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தது. உருண்டது நின்றதும் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றுக்குள் இருந்தபோதெல்லாம் அது கேட்டு வளர்ந்த தாலாட்டு அதுதானே.

ரகசியம் கதவைத் திறந்து, படிக்கட்டில் நின்று, மேலே பார்த்து இரண்டாவது முறையாகக் கத்தினான். "அக்கா! பீரோவை இழுங்க!"

மெல்ல ஒரு கிரீச். அதற்குப் பிறகு பீரோ தன் பழைய வழியில் கிளம்பியது. பாட்டு சேர்ந்தது. எங்கே நிறுத்துவது என்ற சண்டை சேர்ந்தது. கடைசியில், எத்தனையோ நாளாக அடைபட்டுக் கிடந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. குழந்தை கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

ரகசியம் திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் செயலாளரும் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எல்லா இடத்துக்கும் முன்னால் போய், எல்லோருக்காகவும் காத்திருந்தே அலுத்துப்போன மனுஷன். எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. கூட்ட நேரம் வந்தது, தாண்டியும் போனது.

கீழேயிருந்து ஒரு பேச்சு படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. "செயலாளரை எங்க காணோம்? ஆற்றங்கரைக்காரர்தானே, வேற எப்படி இருப்பார்!" ஹால் சிரித்தது.

ரகசியத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. படிக்கட்டுக்குப் பாய்ந்து, "அவர் வந்து எவ்வளவோ நேரமாச்சுய்யா! உங்க எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டார்!" என்று கத்தினான். இந்த முறை கட்டடமே அதிர்ந்தது. குழந்தைக்கு அது உறைக்கவில்லை. செயலாளர்தான் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. பிறந்ததிலிருந்து அவர் எதற்கும் தாமதமாகப் போனதில்லை.

விறுவிறுவென்று படியிறங்கினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவியும் பின்னால் ரகசியமும் இறங்கினார்கள்.

ஹாலில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். கடலோரத்தான் கத்தியது எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது, இனி விசாரிக்க என்ன இருக்கிறது, கையைத் தூக்கிவிட்டுப் போகலாம் என்றார்கள். இரண்டு மூன்று கைகள் மேலே போய்க்கூட விட்டன. ரகசியம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

செயலாளர் எழுந்து நின்றார். "மத்தியானத்துலேர்ந்து நான் அவங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு முறை குழந்தையைப் பார்த்தார்.

"நான் அவங்க வீட்டுல நல்லாத் தூங்கிட்டேன். சத்தம் இருக்கற வீட்டுல யாருக்காவது அப்படித் தூக்கம் வருமா? கத்தினது என்னை எழுப்பறதுக்காக. நான் லேட்."

"லேட்டா?"

"ஆமா. நான் லேட். எங்க ஆளுங்க எப்பவுமே லேட்தான், உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. தலைகள் ஆடின. தூக்கிய கைகள் இறங்கின. ஆற்றங்கரைக்காரனை எழுப்ப வேண்டுமென்றால் கடலோரத்தான்தான் கத்த வேண்டும், இதில் என்ன தப்பு என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். புகார் தள்ளுபடி. அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

'அது பொய், அவர் ஒருநாளும் லேட்டா வந்ததில்லை' என்று சொல்ல ரகசியம் வாயைத் திறந்தான். பழைய குரல்தான் வந்தது, ஒருவர் காதிலும் விழவில்லை. ஒரு ஆயுசு முழுக்க அந்த மனுஷன் கட்டிக் காப்பாற்றியதை அவர்களுக்காக ஒரு வார்த்தையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவன் மனைவி வாய்விட்டே அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதற்குள் வாசல் மணி அடித்தது. செயலாளர் நின்றார்.

"என்ன சார், இவ்வளவு சீக்கிரம்?" என்றான் ரகசியம்.

"சீக்கிரமா? போன வாரத் தூக்கம் பாதியில நின்னுபோச்சு தம்பி. அதுக்கு ஒரு வாரம் லேட்டா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டு, பீரோ எப்போது கிளம்பும் என்று கூரையைப் பார்த்தார்.